இதயத்தைத் தொட்ட குழாய்

காவிரியிலிருந்து பிரியும் அரசலாறு கும்பகோணத்தை ஒட்டி ஓடி, வழியெங்கும் வயல்களுக்கு நீர் கொடுத்து, காரைக்காலில் கடலைச் சேர்கிறது. கும்பகோணத்துப் படித்துறையில் நின்று ஒரு மூங்கில் கழியை அந்த ஆற்றில் விட்டால், மதகும் தடுப்பும் குறுக்கிடாத வரை, அது காரைக்கால் முகத்துவாரத்தை நோக்கியே செல்லும். அதற்கு வழிகாட்ட ஆள் வேண்டா, நீரோட்டமே வழிகாட்டும். நம் உடலில் ஓடும் சிரைகளும் இத்தகைய ஆறுகளே. காவிரி கடலை நெருங்க நெருங்கப் பல கிளைகளாகப் பிரிகிறது. சிரைகளோ சிறு கிளைகளாகத் தொடங்கி ஒன்றோடொன்று கூடிப் பெருகுகின்றன. இந்த ஒரு வேற்றுமையை விட்டுவிட்டால், கையில் தொடங்கினாலும் காலில் தொடங்கினாலும் சிரைகள் அனைத்திற்கும் இதயமே கடல்.

அப்படியானால், முழங்கை மடிப்பில் உள்ள ஒரு சிரையில் மெல்லிய குழாயைச் செலுத்தித் தள்ளிக்கொண்டே சென்றால், அது இதயத்தை அடைய வேண்டும் அல்லவா? இன்று எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு 1929ஆம் ஆண்டு, ஏறத்தாழ 25 வயதுடைய ஜெர்மானிய மருத்துவர் ஒருவர் தம் உடலைக் கொண்டே விடை கண்டார். வெர்னர் ஃபோர்ஸ்மான் என்பது அவர் பெயர். சீர்குலைந்த இதயத் துடிப்பின் காரணத்தை இதயத்திற்குள்ளேயே சென்று தேடி, அங்கேயே சரிசெய்யும் இன்றைய மருத்துவம் அந்த ஒரு நாள் செயலில் வேர்கொண்டது. எனினும் அவருக்கு அதனால் உடனே கிடைத்தது புகழன்று, வேலையிழப்பே.

ஒரு படம் விதைத்த எண்ணம்

ஃபோர்ஸ்மான் 1904 ஆகஸ்டு 29 அன்று பெர்லின் நகரில் பிறந்தார். வழக்கறிஞரான தந்தை முதல் உலகப்போரில் உயிரிழந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளையான அவரைத் தாயும் பாட்டியும் வளர்த்தனர். மருத்துவராக இருந்த உறவினர் ஒருவரின் தூண்டுதலால் மருத்துவத்தில் நாட்டம் கொண்ட அவர், 1922இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அவர் பயின்ற காலத்தில் இதயம் மருத்துவரின் கை நெருங்காத உறுப்பாக இருந்தது. வயிற்றைத் திறந்து அறுவை செய்யத் துணிந்தவர்களும் மூளையைத் தொடத் துணிந்தவர்களும் இதயத்தின் முன் தயங்கி நின்றனர். மார்பின்மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கலாம்; நாடியைப் பார்க்கலாம்; எக்ஸ் கதிர்ப் படத்தில் இதயத்தின் நிழலைக் காணலாம். ஐந்தோவன் உருவாக்கிய இ.சி.ஜி. கருவி வழியாக அதன் மின்னலைகளைத் தாளில் பதிவு செய்யலாம். இவை யாவும் வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே நடப்பதை ஊகிக்கும் வழிகள். அறைகளுக்குள் குருதியின் அழுத்தம் எவ்வளவு, அறைகளைப் பிரிக்கும் சுவரில் ஓட்டை உண்டா, தடுக்கிதழ் சரியாக மூடுகிறதா என்பவற்றை உயிரோடு இருக்கும் மனிதரிடம் நேராக அறிய வழியில்லை. பிணக்கூராய்வில்தான் அவை தெரிந்தன. அப்போது அந்த அறிவால் நோயாளிக்குப் பயனில்லை.

விலங்குகளிடம் மட்டும் இந்த எல்லை முன்பே கடக்கப்பட்டிருந்தது. பிரான்சு நாட்டு உடலியல் அறிஞர் கிளோது பெர்னார் 1844இல் குதிரையின் கழுத்துக் குருதிக்குழாய்கள் வழியே வெப்பமானியை இதயத்திற்குள் செலுத்தி, அதன் இரு பக்கங்களிலும் உள்ள குருதியின் வெப்பத்தை அளந்தார். 1861இல் ஷோவோ, மாரே என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் அதே வழியில் குதிரையின் இதய அறைகளுக்குள் அழுத்தத்தைப் பதிவு செய்தனர். காரைக்காலும் புதுச்சேரியும் அந்நாளில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தவை என்பது இங்கு நினைக்கத்தக்கது.

குதிரையின் கழுத்துச் சிரையில் குழாயைச் செலுத்தி ஒருவர் நிற்கும் படத்தை ஃபோர்ஸ்மான் ஒரு நூலில் கண்டார். அப்படம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. குழாய் உள்ளே சென்ற பின்னும் குதிரை அமைதியாக நிற்கிறது. அதன் இதயம் நின்றுவிடவில்லை. மனித இதயம் மட்டும் ஏன் நிற்க வேண்டும்? கழுத்துச் சிரைக்கு மாறாக முழங்கைச் சிரையைத் தேர்ந்தால் வடு கூடப் பெரிதாக இராதே என்றும் அவர் எண்ணினார்.

அவருடைய நோக்கம் ஆராய்ச்சி ஆர்வம் மட்டுமன்று. இதயம் நின்றுபோகும் நிலையில் உள்ளவருக்கு, அக்கால மருத்துவர் மார்பின் வழியே நீண்ட ஊசியைக் குத்தி மருந்தை இதயத்திற்குள் செலுத்தினர். அந்த ஊசி நுரையீரலையோ இதயத்தின் குருதிக்குழாயையோ கிழித்துவிடும் இடருண்டு. காப்பாற்றக் குத்திய ஊசியே கொல்லக்கூடும். சிரை வழியே செல்லும் மென்குழாய் அந்த இடரைத் தவிர்க்கும் என்று அவர் நம்பினார்.

எபர்ஸ்வால்டே மருத்துவமனையில்

1929இல் பெர்லினுக்கு அருகிலுள்ள எபர்ஸ்வால்டே என்னும் சிற்றூரின் மருத்துவமனையில் அறுவை மருத்துவம் பயில ஃபோர்ஸ்மான் சேர்ந்தார். தலைமை மருத்துவர் ரிச்சர்ட் ஷ்னைடர் அவருடைய குடும்பத்துக்கு நண்பர். இளைஞரின் திட்டத்தை அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் ஒப்புதல் தரவில்லை. நோயாளியிடம் செய்யக்கூடாது என்றார். தம்மிடமே செய்துகொள்கிறேன் என்றபோதும் மறுத்தார். கணவரை இழந்த தாயின் ஒரே மகன் தம் மருத்துவமனையில் இறந்துபோனால் அந்தத் தாய்க்கு என்ன விடை சொல்வது என்பது அவருக்கிருந்த அச்சம். அது கோழையின் அச்சமன்று. பொறுப்புள்ள மூத்தவரின் அச்சம்.

ஃபோர்ஸ்மான் அடங்கவில்லை. செயலுக்குத் தேவையான கருவிகள் அறுவைக் கூடத்தில் பூட்டப்பட்டிருந்தன. அவற்றின் பொறுப்பாளர் கெர்டா டிட்சன் என்னும் செவிலியர். அவரிடம் தம் கருத்தைச் சிறிது சிறிதாக விளக்கி, நாளடைவில் அவரையும் ஆர்வம் கொள்ளச் செய்தார். உதவ முன்வந்த டிட்சன், அந்தச் சோதனையைத் தம்மிடமே செய்யலாம் என்று இசைந்தார். துணிவில் அவரும் குறைந்தவரல்லர்.

பிற்பகல் ஒன்றில், மருத்துவமனை ஓய்ந்திருந்த நேரத்தில் இருவரும் அறுவைக் கூடத்திற்குள் சென்றனர். ஃபோர்ஸ்மான் செவிலியரை மேசைமீது படுக்கவைத்துக் கைகால்களைக் கட்டினார். அவருடைய கையில் மருந்து தடவி, சோதனைக்கு ஆயத்தம் செய்வதுபோல் காட்டினார். அவர் பார்வையிலிருந்து விலகி நின்று, தம் இடக்கை முழங்கை மடிப்பில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டுக்கொண்டார். தோலைக் கீறிச் சிரையைத் திறந்து, சிறுநீர்க்குழாய்க்குப் பயன்படும் மெல்லிய ரப்பர் வடிகுழாயை அதில் நுழைத்து ஏறத்தாழ 30 செ.மீ. தள்ளினார். அதன் பின்னரே செவிலியரின் கட்டை அவிழ்த்தார். தாம் ஏமாற்றப்பட்டதை அறிந்த டிட்சன் சினந்தார். அந்தச் சினம் முற்றிலும் நேரியது. ஆயினும், குழாய் கையில் செருகியிருக்க நின்ற மனிதரைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை.

வடிகுழாய் என்னும் சொல் நீரை வடிப்பதற்காக ஏற்பட்டது. இங்கு எதையும் வடிக்கும் நோக்கமில்லை. உள்ளே போய்ப் பார்ப்பதே நோக்கம். பழைய பெயர் புதிய வேலைக்கும் நிலைத்துவிட்டது.

குழாய் எங்கே நிற்கிறது என்று காட்டும் சான்று வேண்டும். எக்ஸ் கதிர் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. குழாய் தோள்வரை ஏறியிருக்க, இருவரும் படிகளில் இறங்கி நடந்தனர். செய்தி அறிந்து ஓடிவந்த நண்பர் பீட்டர் ரோமைஸ், குழாயைப் பிடுங்கி எறிய முற்பட்டார். நண்பரைக் காப்பாற்றும் எண்ணத்தில் அவர் செய்த முயற்சியை ஃபோர்ஸ்மான் காலால் உதைத்துத் தடுக்க வேண்டியிருந்தது. பின்னர், டிட்சன் ஒரு கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள, ஒளிரும் திரையில் தெரிந்த தம் மார்பின் நிழலை அக்கண்ணாடியில் பார்த்தபடியே குழாயை மேலும் மேலும் தள்ளினார். சிரைச் சுவரை உரசிச் சென்ற குழாய் உள்ளே ஒரு வெப்ப உணர்வை எழுப்பியது. சிறிது இருமல் வந்தது. 65 செ.மீ. அளவுக்கு உள்ளே சென்றபோது அதன் நுனி இதயத்தின் வலப்பக்கத்தில் இருந்தது. அதைப் படமெடுக்கச் செய்தார்.

இதயம் நிற்கவில்லை. குழாயை உருவி எடுத்துவிட்டு, ஃபோர்ஸ்மான் தம் பணியைத் தொடர்ந்தார்.

பாராட்டும் ஏளனமும்

ஷ்னைடர் முதலில் கடிந்துகொண்டார். படத்தைப் பார்த்த பின் அதன் பெருமையை உணர்ந்தார். மீட்க வழியில்லாத நிலையிலிருந்த ஒரு நோயாளிக்குக் குழாய் வழியே மருந்து செலுத்த அவர் இசைந்தார். அந்த உயிரைக் காப்பாற்ற இயலவில்லை என்றாலும் முறை தீங்கற்றது என்பது தெரிந்தது. 1929 நவம்பரில் ஜெர்மன் மருத்துவ வார இதழ் ஒன்றில் ஃபோர்ஸ்மானின் கட்டுரை வெளியாயிற்று.

பெரிய இடத்தில் பயிற்சி பெறவேண்டும் என்பதற்காக அவர் பெர்லினின் புகழ்பெற்ற சாரிட்டே மருத்துவமனைக்குச் சென்றிருந்தார். அங்கே அறுவை மருத்துவத் துறையின் தலைவர் ஃபெர்டினாண்ட் சாவர்புருக். அந்நாளில் ஐரோப்பாவெங்கும் பெயர்பெற்றிருந்த அவரிடம் இளையோர் அஞ்சி நடுங்கினர். கட்டுரை வெளியானதும் செய்தித்தாள்கள் அதைப் பரபரப்பாக்கின. எர்ன்ஸ்ட் உங்கர் என்னும் மருத்துவர், 1912ஆம் ஆண்டிலேயே தாமும் தம் நண்பர்களும் இத்தகைய சோதனையைச் செய்துவிட்டதாக உரிமை கோரினார். அவர்களிடம் எக்ஸ் கதிர்ப் படச் சான்று எதுவும் இல்லை. இந்தச் சலசலப்புகளை விரும்பாத சாவர்புருக், இத்தகைய வித்தைகளைக் காட்டச் சர்க்கஸ் கூடாரமே பொருத்தமான இடம் என்று ஏளனம் செய்து ஃபோர்ஸ்மானை வெளியேற்றினார்.

எபர்ஸ்வால்டேக்குத் திரும்பிய ஃபோர்ஸ்மான் சோதனைகளை விடவில்லை. முயல்கள் குழாயைத் தாங்கவில்லை, நாய்கள் தாங்கின. அந்த நாய்களுக்குப் பெர்லினில் இருந்த தம் தாயின் வீட்டிலேயே இடம் கிடைத்தது. அந்தத் தாயின் பொறுமையும் இந்த வரலாற்றில் சேர வேண்டியது. எக்ஸ் கதிரில் தெரியும் மருந்தை இதயத்திற்குள் செலுத்திப் படமெடுக்க அவர் முயன்றார்; நாய்களிடம் செய்தபின் தம்மிடமும் செய்துகொண்டார். கருவிகள் போதாமையால் தெளிவான படம் கிட்டவில்லை. குழாய் செலுத்தத் தகுந்த சிரைகள் கையில் இல்லாமற்போகும் அளவுக்கு அவர் தம் உடலைச் சோதனைக்கு உட்படுத்தினார். 1931இல் அறுவை மருத்துவர் மாநாட்டில் அவர் இவற்றை எடுத்துரைத்தபோது பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. மீண்டும் சாவர்புருக்கிடம் சேர்ந்தார்; மீண்டும் வெளியேற்றப்பட்டார்.

தவறு ஒருபக்கமே இருந்ததாகக் கொள்ளலாகாது. ஃபோர்ஸ்மான் பொறுமையற்றவர், மேலோரின் மறுப்பை மறைவில் மீறியவர், செவிலியரை ஏமாற்றியவர். ஆனால் அவரை ஒதுக்கியவர்கள் இந்தக் குறைகளைச் சொல்லி ஒதுக்கவில்லை. அவர் கண்டது பயனற்றது என்று சொல்லியே ஒதுக்கினர். அங்கேதான் அவர்கள் பிழைபட்டனர்.

இருண்ட ஆண்டுகள்

பின்னர் மைன்ட்ஸ் நகர மருத்துவமனையில் பணியாற்றியபோது, அங்கு மருத்துவராக இருந்த எல்ஸ்பெத் எங்கலை 1933இல் மணந்தார். கணவனும் மனைவியும் ஒரே மருத்துவமனையில் பணிபுரியக்கூடாது என்னும் விதியால் அங்கிருந்தும் விலக நேர்ந்தது. இதயத்தை விட்டுச் சிறுநீரகவியல் பக்கம் திரும்பினார். சிறுநீர்க்குழாய்க்கு ஆன வடிகுழாயை இதயத்திற்கு எடுத்துச் சென்றவர், அக்குழாயின் பழைய இடத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தார். பெர்லின், டிரெஸ்டன் நகர மருத்துவமனைகளில் பணிபுரிந்தார். ஆறு குழந்தைகள் பிறந்தனர்.

அவர் வாழ்வில் மறைக்கக்கூடாத பகுதி ஒன்றுண்டு. 1932இல் அவர் நாஜிக் கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்தார். போர் முடியும் வரை அதில் இருந்தார். ஹிட்லர் ஆட்சியைப் பிடிப்பதற்கு முன்பே சேர்ந்ததால், அச்சத்தால் சேர்ந்தார் என்று சொல்ல இயலாது. அடுத்த ஆண்டே அந்த ஆட்சி யூத மருத்துவர்களை மருத்துவமனைகளிலிருந்து துரத்தியது. ஃபோர்ஸ்மானின் ஆய்வுப் பட்டத்துக்கு வழிகாட்டிய பேராசிரியர் கியார்க் கிளெம்பெரர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தம் நாட்டை விட்டு வெளியேறிய அவர் 1946இல் அமெரிக்காவில் இறந்தார். தம் உடலைப் பணயம் வைக்கத் தயங்காத மாணவர், தம் ஆசிரியரைத் துரத்திய கூட்டத்தில் இருந்தார். முன்னதைப் புகழ்வோர் பின்னதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் உலகப்போரில் அவர் இராணுவ மருத்துவ அதிகாரியாகப் பணியாற்றினார். போரின் முடிவில் சிறைப்பட்டு, 1945இல் விடுதலையானார். கட்சி உறுப்பினராக இருந்தமையால் சில ஆண்டுகள் மருத்துவத் தொழில் செய்ய அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. கருங்காடு என்னும் மலைப்பகுதியில் மரம் வெட்டிப் பிழைத்தார். அங்கே மருத்துவம் பார்த்துக் குடும்பத்தைத் தாங்கியவர் மனைவி எல்ஸ்பெத். 1950இல் பாட் குரோய்ட்ஸ்நாக் என்னும் சிறிய நகரில் ஃபோர்ஸ்மான் சிறுநீரக மருத்துவராகத் தொழிலைத் தொடங்கினார். சிகிச்சைக்கு வந்த மக்களில் பலருக்கு அவர் கடந்தகாலம் தெரியாது.

கடலுக்கு அப்பால்

அவர் கைவிட்ட வேலையை அவருக்குத் தெரியாமலே வேறு இருவர் தொடர்ந்துகொண்டிருந்தனர். பாரிசில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆந்த்ரே கூர்னான் ஒருவர். டிக்கின்சன் ரிச்சர்ட்ஸ் மற்றவர். நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் நுரையீரலைப் பற்றி ஆராய்ந்த இவர்களுக்கு, வலப்பக்க இதயத்தை அடையும் குருதியை எடுத்து ஆராய்வது தேவைப்பட்டது. பழைய ஜெர்மன் இதழில் வந்த ஃபோர்ஸ்மானின் கட்டுரை அவர்களுக்கு வழி காட்டியது. அவர்கள் அவசரப்படவில்லை. பல ஆண்டுகள் விலங்குகளிடம் ஆராய்ந்து, குழாயின் வடிவையும் அழுத்தமானியையும் திருத்தி, 1940களின் தொடக்கத்தில் மனிதரிடம் பயன்படுத்தினர். போர்க்காலத்தில் காயம்பட்டுக் குருதி இழந்தோரின் அதிர்ச்சி நிலையை அளந்தறிய அந்த முறை பெரிதும் உதவியது. ஃபோர்ஸ்மான் கதவைத் திறந்தார். உள்ளே சென்று ஒவ்வோர் அறையையும் அளந்து எழுதியவர்கள் இவர்கள்.

1956 அக்டோபரில் அவ்வாண்டின் மருத்துவ நோபல் பரிசு மூவருக்கும் அறிவிக்கப்பட்டது. 27 ஆண்டுகளுக்கு முன் செய்த ஒரு செயலுக்காகச் சிறுநகரத்துச் சிறுநீரக மருத்துவர் ஒருவர் ஸ்டாக்ஹோம் சென்றார். ஊரறியாத கோயில் குருக்களைத் திடீரெனத் தலைமைப் பீடத்தில் அமர்த்தியது போன்றிருந்தது அவர் நிலை.

அதே 1956இல் காரைக்காலை உள்ளிட்ட பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவுக்கு அளிக்கும் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. 1954 நவம்பர் முதல் நாளிலேயே அவற்றின் நிருவாகம் இந்தியாவிடம் வந்துவிட்டிருந்தது. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் நடத்திவந்த மருத்துவப் பள்ளியின் தொடர்ச்சியாக அவ்வாண்டு தன்வந்திரி மருத்துவக் கல்லூரி உருவாயிற்று. 1964இல் அது ஜிப்மர் எனப் பெயர் பெற்றது. அதன் கிளை 2016இல் காரைக்காலிலும் தொடங்கப்பட்டது.

இந்தியாவுக்கு இதய வடிகுழாய் முறை வந்ததும் இந்த ஆண்டுகளிலேதான். பர்மாவில் பிறந்து, ரங்கூனில் மருத்துவம் பயின்று, இரண்டாம் உலகப்போரின்போது கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்த எஸ். பத்மாவதி, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதயவியல் கற்றுத் திரும்பினார். தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் 1950களில் இதய நோய்ப் பிரிவையும் வடிகுழாய் ஆய்வுக்கூடத்தையும் நிறுவிய முன்னோடி அவர். சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் தடுக்கிதழ் பழுதான இளம்பெண்கள் அந்நாளில் ஏராளம். அவர்களுள் யாருக்கு அறுவை பயன்தரும் என்பதை முடிவு செய்ய அந்தக் குழாய் தேவைப்பட்டது. எபர்ஸ்வால்டேயின் கீழ்த்தள அறையில் ஒருவர் தம்மீதே செய்து பார்த்தது, கால் நூற்றாண்டுக்குள் தில்லியில் அன்றாடப் பணியாகிவிட்டது.

துடிப்பின் தடம் தேடி

குழாய் இதயத்தை அடைந்தால் மட்டும் போதுமா? அங்கே அது என்ன செய்யும் என்பதில்தான் அடுத்த வளர்ச்சி அமைந்தது.

இதயம் துடிப்பதற்குக் காரணம் மின்னோட்டம். வலது மேலறையின் உச்சியில் சைனஸ் கணு என்னும் சிறு திசுத்திரள் உள்ளது. துடிப்பின் தாளத்தை இடுவது இதுவே. அங்கு பிறக்கும் மின்துடிப்பு மேலறைகளில் பரவி, நடுவில் உள்ள மற்றொரு கணுவில் சற்றுத் தங்கி, ஹிஸ் கற்றை என்னும் நார்க்கட்டின் வழியே கீழறைகளுக்கு இறங்குகிறது. வாய்க்காலில் நீர் முறைவைத்துப் பாய்வது போன்ற ஒழுங்கு இது. மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மின்னோட்டத்துக்கு இந்த ஒரு மதகு மட்டுமே இருக்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே இன்னொரு கள்ள வழி இருந்துவிடும். மதகு வழியே இறங்கிய மின்துடிப்பு அந்தக் கள்ள வழியே மேலேறி, மீண்டும் மதகில் இறங்கிச் சுற்றிச் சுற்றி ஓடத் தொடங்கினால், இதயம் திடீரென நிமிடத்திற்கு 200 முறையைத் தொட்டும் துடிக்கும். படபடப்பு, வியர்வை, கண் இருளல், சில வேளைகளில் மயக்கம் என நோயாளி தவிப்பார். அது தொடங்கியது போலவே திடீரென நின்றும் விடும். மருத்துவமனைக்கு வந்து சேரும்போது இ.சி.ஜி. தாளில் பெரும்பாலும் ஒன்றும் இராது. நெஞ்சு படபடக்கிறது என்று சொல்பவரை வீண் அச்சம் என்று வீட்டார் ஒதுக்குவதும் உண்டு.

இந்தச் சுழலை நேரில் காண, மின்முனைகள் பொருந்திய குழாய்கள் தேவைப்பட்டன. 1958இல் நியூயார்க்கில் சேமூர் ஃபர்மன் என்பவர் சிரை வழியே மின்கம்பியை வலது கீழறைக்குச் செலுத்தி, துடிப்பு தளர்ந்த ஒருவரின் இதயத்தை 96 நாள்கள் இயக்கினார். 1967இல் ஆம்ஸ்டர்டாமில் டூரரும் பாரிசில் கூமெலும், குழாயின் நுனியால் மின்தூண்டல் கொடுத்து நோயைத் தாமே தொடங்கிவைத்து, தாமே நிறுத்தியும் காட்டினர். நோயாளியின் படபடப்பு எப்போது வருமென்று காத்திருக்கும் நிலை அத்துடன் நீங்கிற்று. 1969இல் பெஞ்சமின் ஷெர்லாக் குழுவினர் ஹிஸ் கற்றையில் ஓடும் நுண்மின்னோட்டத்தைக் குழாய் வழியே பதிவு செய்யும் எளிய முறையைத் தந்தனர். அதன்பின் மின்னோட்டம் எங்கே தங்குகிறது, எங்கே தடைப்படுகிறது, எங்கே வழிமாறுகிறது என்பதை வரைபடம்போல் அறிய முடிந்தது.

குழாயை எளிதாகச் செலுத்த வழிதேடிய ஜெரமி ஸ்வான் என்னும் மருத்துவர், அமெரிக்கக் கடற்கரை ஒன்றில் காற்றை வாங்கி விரைந்த பாய்மரப் படகைப் பார்த்தார். குழாயின் நுனியில் சிறு பலூனைப் பொருத்தினால் குருதியோட்டமே அதை இழுத்துச் செல்லும் என்ற எண்ணம் அவருக்கு அப்போது தோன்றியது. 1970இல் அது கருவியாக வெளிவந்தது. பாய் விரித்துக் கடலோடும் வழக்கம் கொண்ட காரைக்கால் கரைக்கு இது விளங்காத செய்தியன்று.

கண்டறிந்த பழுதை அங்கேயே சரிசெய்யும் முயற்சி 1982இல் வெளியுலகிற்குத் தெரிந்தது. மெல்வின் ஷைன்மன், ஜான் கல்லகர் ஆகியோரின் குழுக்கள் குழாய் வழியே வலுவான நேர்மின்னோட்ட அதிர்ச்சியைச் செலுத்தி, மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலான மின்வழியைத் துண்டித்தன. அது கடுமையான முறை. நோயாளிக்கு அதன்பின் வாழ்நாள் முழுதும் செயற்கைத் துடிப்பூக்கி தேவைப்பட்டது. பத்தாண்டு முடிவதற்குள் ரேடியோ அலைவெண் மின்னோட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. குழாயின் நுனி தொடும் சில மில்லிமீட்டர் அளவுத் திசு மட்டும் மெல்லச் சூடேறிச் செயலிழக்கும். மதகு அப்படியே நிற்க, கள்ள வழி மட்டும் அடைபடும். தொடைச் சிரை வழியே குழாய்கள் செல்வதால் மார்பைத் திறக்க வேண்டியதில்லை. பழுதான இடம் கிடைத்துவிட்டால், சூடேற்றத் தொடங்கிய சில நொடிகளில் கள்ள வழி மறைவது திரையில் தெரியும். ஆண்டுக்கணக்கில் படுத்திய நோய் அந்த நொடியில் நின்றுபோகும்.

மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் நோய் இதைவிடச் சிக்கலானது. பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஹைசகேர் குழுவினர் 1998இல் 45 நோயாளிகளை ஆராய்ந்து, அந்நடுக்கத்தைத் தூண்டும் மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளுக்குள் பிறக்கின்றன என்று காட்டினர். மேலறை முழுதும் தேடிக்கொண்டிருந்த மருத்துவ உலகுக்கு அது எதிர்பாராத இடம். அச்சிரைகளின் வாயில்களைச் சுற்றி வேலிபோல் வடு உண்டாக்கும் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது. எல்லா நோயாளிக்கும் இது ஒரே தடவையில் குணம் தருவதில்லை. குழாய் இதயச் சுவரைத் துளைத்துவிடும் இடர் சிறிதளவு இன்றும் உண்டு. ஷ்னைடர் 1929இல் அஞ்சியது வெறும் கற்பனை அன்று.

இறுதி ஆண்டுகள்

நோபல் பரிசுக்குப் பின் ஃபோர்ஸ்மானை இதய ஆய்வுக்கூடம் ஒன்றின் தலைவராக அமர்த்தும் பேச்சு எழுந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இதயவியல் தம்மைக் கடந்து வெகுதூரம் சென்றுவிட்டது என்பதை உணர்ந்து அவர் அதை ஏற்கவில்லை. 1958இல் ட்யூசல்டார்ஃப் நகர மருத்துவமனை ஒன்றில் அறுவைப் பிரிவின் தலைவரானார். தம்மீதே செய்த சோதனை என்னும் பொருளில் பெயரிட்ட தன்வரலாற்று நூலை 1972இல் வெளியிட்டார்.

ஓய்வுபெற்றபின் கருங்காட்டுப் பகுதிக்கே திரும்பி வாழ்ந்தார். அங்குள்ள ஷோப்ஃஹைம் நகரில் 1979 ஜூன் 1 அன்று இதயச் செயலிழப்பால் காலமானார். இதயத்தின் பழுதான மின்வழியைக் குழாயால் அடைக்கும் சிகிச்சை முதன்முதலில் அறிவிக்கப்பட அப்போது இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. அவர் முழங்கைச் சிரையைத் திறந்துகொண்ட எபர்ஸ்வால்டே மருத்துவமனை இன்று அவருடைய பெயரால் வழங்குகிறது.